அறிவித்தல் இலக்கம் பதினேழு

இந்த அறிவித்தலைத் தட்டச்சிடுகிறவள் நான்.
கையொப்பம் பதிவாளருடையது,
எழுத்துப்பிழை என்னுடையது.

செமஸ்ரர் பரீட்சை திங்கட்கிழமை தொடங்குகிறது.
காலை எட்டரைக்கு மண்டபத்தில் இருக்கவும்.
இருக்கவும் என்றுதான் எழுத விடுவார்கள்.
மானிப்பாய் றோட்டில் முழங்கால் வெள்ளம் நிற்கும்,
ஏழு மணிக்கே வெளிக்கிடுங்கோ என்று
கந்தோர்த் தமிழில் எப்படி எழுதுகிறது?
காற்சட்டையை மடித்துக்கொண்டு வாங்கோ.
அனுமதி அட்டையைப் பொலித்தீன் பைக்குள் வையுங்கோ.
போன மாரியில் ஒரு பிள்ளையின் அட்டை கரைந்து
சுட்டெண் மட்டும் நீலமாய்
உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.
கையை நீட்டிக் காட்டினாள்.
உள்ளே விட்டார்கள்.

நூலகப் புத்தகங்களை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கவும்.
புள்ளிவிபரவியல் இரண்டாம் பாகத்தை
ஆண்கள் விடுதியில் எவரோ
தலைக்கு வைத்துப் படுக்கிறார்.
கொண்டுவந்து தாரும், ஐயா.
பெண்கள் விடுதியில் பதினொரு பேர்
அதற்காகக் காத்திருக்கிறார்கள்.
தலையணை நான் தருகிறேன்.

சிற்றாலய ஜெபம் காலை ஏழே முக்காலுக்கு.
விரும்பியவர் வரலாம்.
மருதடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு
வீபூதி ஈரம் காயாமல்
கடைசி வாங்கில் வந்து இருக்கிறவர்களைப்
போதகர் தபேந்திரன் ஒன்றும் கேட்பதில்லை.
கொஞ்சம் தள்ளி இருங்கோ,
இன்னொருவருக்கும் இடம் வேணும் என்பார்.
கணக்கியல் தாள் எல்லாருக்கும் ஒன்றுதானே.

இரவுப் படிப்பு பத்தரைக்கு முடிவடையும்.
முடிவடையாது என்று எமிலியாக்காவுக்குத் தெரியும்.
குசினி யன்னலில் ஒரு போத்தல் பிளேன்ரீ,
பக்கத்தில் சீனி, தனியாக.
கோப்பையைக் கழுவி வைக்கவும்.
எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தாலும்
கழுவாத கோப்பைக்கு அவவிடம் மன்னிப்பில்லை.

இனி, இணைப்பு.
எண்பது வீத வரவு இல்லாதோர்
பரீட்சைக்குத் தோற்ற முடியாது.
ஆறு பெயர்.
ஐந்தைத் தட்டிவிட்டேன்.
ஆறாவது, அ. நிரோயன், எழுபத்தாறு.
விரல் விசையில் நின்றுவிட்டது.

நாவாந்துறையில் விடியப்புறம் மீன் கூறி முடிய
ஐஸ் பெட்டி ஏற்றிவிட்டுச்
சயிக்கிளில் வருகிற பிள்ளை.
சேட்டில் மணக்கும் என்று
என் மேசைக்கு ஓரடி தள்ளியே நிற்பான்.
முதல் பாடம் எப்போதும் பாதியில்தான் அவனுக்கு.
பட்டியலைப் பதிவாளரிடம் கொண்டுபோனேன்.
கண்ணாடியைக் கழற்றினார், விதி என்றார்.
திரும்ப மாட்டினார்.
கடிதம் ஏதும் இருக்கோ?
வரும் என்றேன்.
கேட்காத கடிதம் வரும் என்று நான் சொன்னது
சிற்றாலயச் சுவரிலிருந்து முப்பது அடிக்குள்.

ஆகையால், நிரோயன்,
என்னைப் பொய்க்காரியாக்காதே.
கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு கடிதம் எடு.
நீளம் வேண்டாம்.
திகதி, முத்திரை, அப்பாவின் முதுகு,
இந்த மூன்றும் இருந்தால் போதும்.
நாலு வீதம்தான் குறைகிறது. நாலே நாலு.
பட்டியல் இப்போதைக்கு என் லாச்சிக்குள்,
துளைபோடும் மெஷினுக்கு அடியில் கிடக்கிறது.
மற்ற ஐவருக்கும் இதே தவணைதான்.
ஆனால் கிரிக்கெட் சங்கக் கடிதம் செல்லாது.

பேனா இரண்டு கொண்டுவரவும்.
விடை தெரியாத கேள்விக்கும் இலக்கத்தைப் போட்டு
ஒரு வரியாவது எழுதவும்.
வெறும் தாளுக்குப் புள்ளி போட
எவருக்கும் வழியில்லை.
அழுகை வந்தால் நூலகத்துக்குப் பின்னால்
தண்ணீர்த் தாங்கியடி வசதியான இடம்.
நானும் அங்கே போயிருக்கிறேன்,
இரண்டாந்தரம் தோற்றிய வருடம்.

கடிதங்களுக்குக் கடைசித் தவணை
வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி.
கந்தோரைப் பூட்டுகிறவளும் நான்தான்.
சுவர் மணிக்கூடு
இருபது நிமிஷம் பிந்தி ஓடுகிறது.
பற்றரி வாங்கிக் கிடக்கு.
இந்தக் கிழமை மாற்றுகிற எண்ணமில்லை.